கொம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரமெடுத்து வாசியுங்கள்

 

பதிவு நீளம்தான். ஈச்சிலம்பற்று, பூநகர், வெருகல், இலங்கைத்துறை முகத்துவாரம் பக்கமும், அங்கால கிளிவெட்டி, தோப்பூர், மூதூர் வரைக்கும் ஒரு போட்டோக்கொப்பி மெஷினும் ஒரு கொம்பியூட்டரும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் கோபமில்லை.

கொழும்பில் இருப்பவருக்குக் கொம்யூனிகேஷன் கடை என்றால் கொப்பி அடிக்கிற இடம். எங்கள் பக்கம் அது வேறு கதை. அரச வேலைக்கு ஒன்லைன் விண்ணப்பம் போடுவது அங்கே. பரீட்சைப் பெறுபேறு பார்ப்பது அங்கே. அஸ்வெசுமவுக்கு மேன்முறையீடு, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பாஸ்போர்ட் கொப்பி, காணி பெர்மிட் கொப்பி, அடையாள அட்டைக்குப் போட்டோ, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் ரசீதுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், எங்கள் பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் அங்கேதான். இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு ஈமெயில் திறந்து கொடுத்ததும் அந்தக் கடைதான். பாஸ்வேர்ட் கடைக்காரரிடம் இருக்கும், நமக்கு ஞாபகம் இருக்காது. யோசித்துப் பார்த்தால் பிரதேச செயலகத்தில் இருக்கிற அளவுக்கு ஊர்க் கதை அந்த மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டியிலும் இருக்கிறது.

போன வருஷம் மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முந்தின கிழமை, அப்படிக் கடை நடத்துகிற ஒரு அக்காவிடமிருந்து எனக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் வந்தது. பெயரும் கடையும் வேண்டாம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், மகள் என்னிடம் படிக்கிறாள். கொம்பியூட்டரும் பிரிண்டரும் கடனுக்கு எடுத்து, தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

“சேர், என்ட கொம்பியூட்டர்ல ஒரு ஃபைலும் திறக்குதில்ல. எல்லாத்துக்கும் பின்னால நாலு எழுத்து வந்து நிக்குது. பிள்ளையள்ட பேப்பரும் திறக்குதில்ல.”

பாடசாலை விட்டதும் போனேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘ரீட்மீ’ என்று ஒரு சின்னக் கோப்பு. அதற்குள் ஆங்கிலத்தில் நல்ல பணிவான கடிதம். உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டியிருக்கிறோம், திறக்கும் சாவி எங்களிடம் இருக்கிறது, விலை 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டொலர், நம்பிக்கையில்லை என்றால் ஒரு கோப்பை அனுப்புங்கள், இலவசமாகத் திறந்து காட்டுகிறோம். பெருநாள் கழிவு விலை மாதிரி. 490 டொலர் என்றால் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். பக்கத்துக்குப் பத்து, பதினைந்து என்று வாங்குகிற கடையில் அந்தக் காசைச் சேர்க்க எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அக்கா கேட்ட முதல் கேள்வி: “இவங்க ஆர் சேர்? நான் இவங்களுக்கு என்ன செய்தனான்?”

அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. ஈச்சிலம்பற்று உலகப்படத்தில் எங்கே என்றும் தெரியாது. கணினிப் பாதுகாப்புத் துறையில் இதற்கு ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் பெயர். பெரிய கம்பனிகளைத் தாக்கினால்தான் செய்தியில் வரும். இது அந்தச் சாதியில்லை. வீட்டுக்காரர்களையும் மாணவர்களையும் சின்னக் கடைகளையும் குறிவைத்து வாழ்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத சொப்ட்வெயாரை இலவசமாகத் தேடுகிறவர்தான் இதன் வாடிக்கையாளர். கரவலைக்காரர் மீனின் பெயரைக் கேட்டா வலை போடுகிறார்?

அக்காவின் கடையில் பின்னேரத்தில் வேலைக்கு நிற்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். போட்டோவுக்குப் பின்னால் நிறம் மாற்ற ஃபோட்டோஷொப் வேண்டும். இருந்தது வேலை செய்யவில்லை. கூகிளில் தேடி, ‘கிராக்’ என்று ஒன்றை இறக்கியிருக்கிறார். அதிலேயே, நிறுவுவதற்கு முதல் அன்டிவைரஸை நிறுத்து என்று எழுதியிருந்தது. நிறுத்தினார். உடனே திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு பெட்டி வந்தது. அப்டேட்தானே என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்தப் பெட்டி பொய். அப்டேட் என்று நம்பி நாம் கொம்பியூட்டரை நிறுத்தாமல் இருப்பதற்காகவே அதைக் காட்டுவார்கள். அவர் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

அந்தத் தம்பியை நான் ஏசவில்லை, நீங்களும் ஏசாதீர்கள். நடந்ததை ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னார், அதனால்தான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. ஏசிக்கொண்டே இருக்கிற கடையில் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். களவு சொப்ட்வெயார் பாவிக்கலாமா, கூடுமா கூடாதா என்ற விவாதத்தை ஜும்ஆவுக்குப் பிறகு ஆறுதலாக வைத்துக்கொள்வோம். இங்கே நான் சொல்வது வேறு. உங்கள் வீட்டுக் காவலாளியை வெளியே அனுப்பினால்தான் உள்ளே வருவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விருந்தாளி இல்லை.

காப்பாற்ற முடிந்ததையும் முடியாததையும் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். நாளைக்கு இன்னொருவருக்கு உதவும்.

இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். கோப்பு பெரிதென்றால் மிச்சத்தைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும். அதனால் ஒரு சாமத்திய வீட்டு வீடியோ, இரண்டு கல்யாண வீடியோ ஆகியவற்றை, அதே கமெராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, இலவசச் செயலி ஒன்றினால் பெரும்பாலும் மீட்டெடுத்தோம். ஆனால் வினாத்தாள், கடிதம், விண்ணப்பம் எல்லாம் 150 கிலோபைட்டுக்குள் அடங்குகிற சின்னக் கோப்புகள். அவை முழுதாகப் பூட்டுப்பட்டன.

சாவியிலும் இரண்டு வகை உண்டு. பூட்டுகிற நேரத்தில் இன்டர்நெட் இருந்தால் அந்தக் கும்பலின் சேர்வரிலிருந்து அந்தக் கொம்பியூட்டருக்கென்றே தனிச் சாவி வரும். இன்டர்நெட் இல்லாவிட்டால் பலருக்கும் பொதுவான ஒரு சாவியைப் பாவிக்கும். பொதுச் சாவி என்றால் விமோசனம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் 2019 ஒக்டோபரில் இதற்கென ஒரு இலவசத் திறப்பானை வெளியிட்டது. ரீட்மீ கோப்பில் இருக்கும் நீளமான இலக்கம் ‘டி1’ என்று முடிந்தால் பொதுச் சாவி என்று அர்த்தம். அக்காவின் இலக்கத்தின் கடைசி எழுத்துகளைப் பார்க்கும்போது நான் என்ன நினைத்துக்கொண்டு பார்த்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அது டி1 இல்லை. கடையில் ரவுட்டர் எப்போதும் ஓனில்தான் இருக்கும்.

காசு கட்டலாமா என்று அக்கா கேட்டார். நகை இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை, வந்தால் அந்தக் காசில் அடுத்த கடைக்கு வலை பின்னுவார்கள். இதற்கிடையில் மீட்டுத் தருகிறோம் என்று பேஸ்புக்கில் இரண்டு பேர் இன்பொக்ஸ் வந்தார்கள். தூரத்து டவுனில் ஒருவர் முப்பதாயிரம் கேட்டார். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால் “அது எங்கட மெதட்” என்றார். ஒன்று நிச்சயமாகச் சொல்வேன்: தனிச் சாவியால் பூட்டிய கோப்பை, அந்தச் சாவி இல்லாமல், எந்தக் கடைக்காரனாலும் திறக்க முடியாது. முடியும் என்பவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது கள்ளனுக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைத் தான் எடுக்கப் பார்க்கிறார்.

ஆனால் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க்கில் போட்டு மூலையில் வையுங்கள். பொலிஸார் இப்படிப்பட்ட கும்பல்களைப் பிடிக்கும்போது சாவிகள் வெளியே வருவதுண்டு. 2024 பெப்ரவரியில் லொக்பிட் என்ற பெரிய கும்பலின் சேர்வர்களைப் பிரித்தானியப் பொலிஸாரும் மற்ற நாட்டவரும் கைப்பற்றியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவிகள் கிடைத்தன. ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில் இப்படிக் கிடைத்த திறப்பான்களை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 2016இல் நெதர்லாந்துப் பொலிஸும் ஐரோப்பியப் பொலிஸான யூரோபோலும் இரண்டு அன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

போனவை என்ன? மூன்று வருஷ வினாத்தாள்கள். அந்தக் கிழமை அச்சடிக்க வேண்டியவற்றில் சிலதை ஆசிரியர்களின் வட்ஸ்அப்பிலிருந்து எடுத்தோம், மிச்சத்தை இரவிரவாகத் திரும்ப டைப் பண்ணினோம். நோட்டீஸ் டிசைன்கள் எல்லாம் போயின. கடையில் ஒரு வெளி ஹாட் டிஸ்க் இருந்தது, பெக்கப்புக்கென்றே வாங்கியது. அது இரவு பகலாகச் செருகியபடியே இருந்ததால் அதையும் சேர்த்தே பூட்டியிருந்தது.

பிறகு கடன் கணக்கு. மகள் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை, கெட்டிக்காரி. அம்மாவின் கடன் கொப்பியை எக்செல்லில் ஏற்றி, கூட்டல் தானாக வரும்படி செய்து கொடுத்திருந்தாள். அதன் பிறகு கொப்பியில் எழுதுவதை அக்கா நிறுத்திவிட்டார். எட்டு மாதக் கடன் அந்த ஒரு கோப்பில் இருந்தது. குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கொடுக்கல் வாங்கலில் கடனை எழுதி வைப்பது பற்றியது, சாட்சி வைப்பதையும் அது சொல்கிறது. இதை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். எழுதியதே பூட்டுப்பட்டால் சாட்சிக்கு எங்கே போவது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். சனம் நல்லது. கேள்விப்பட்டு நிறையப் பேர் தாங்களாகவே வந்து, “அக்கா எனக்கு இவ்வளவு இருக்கு” என்று சொல்லி எழுதிவித்தார்கள். மழைக்குள் சைக்கிளில் வந்து நூற்றிருபது ரூபாய்க் கணக்குச் சொன்ன தாத்தா ஒருவரும் இருந்தார். யார் வரவில்லை என்று அக்கா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் பயம் தந்தது பூட்டுப்பட்ட கோப்புகள் அல்ல. இந்த வைரஸ் தனியாக வருவது குறைவு. பாஸ்வேர்ட் திருடுகிற இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிடும். அக்காவின் பிரவுசரில் யாருடைய பாஸ்வேர்ட் இருந்தது? ஊருடையது. விண்ணப்பம் போடத் திறந்த ஈமெயில்கள், யார் யாருடையதோ பேஸ்புக், மத்திய கிழக்கில் இருக்கிற பெண் ஒருவரின் ஈமெயில், அவர் அங்கிருந்து ஆவணம் அனுப்புவதும் எடுப்பதும் அதில்தான். கோப்பு போனால் அக்காவுக்கு நட்டம். இது மற்றவர்களின் பொருள், எங்கள் பாஷையில் அமானிதம்.

இரண்டு நாள் அதற்கே போனது. வேறு கொம்பியூட்டரில் இருந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். எவருடையது என்று கண்டுபிடித்து, கோல் எடுத்து, கடைக்குக் கூப்பிட்டு, புதுப் பாஸ்வேர்டை அவர்களையே தட்டவைத்து, வீட்டில் எழுதி வைக்கச் சொன்னோம். பாதிக்கப்பட்ட கொம்பியூட்டரிலேயே மாற்றினால் புதியதும் போய்ச் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிறகுதான் அந்த ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொன்றில் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அந்த வைரஸ், கணினிப் பாதுகாப்புத் தளங்களுக்குள் நாம் போக முடியாதபடியும் ஒரு மாற்றம் செய்துவிடும். உதவி தேடிப் போகிற வழியையும் அடைக்கிற கெட்டித்தனம். ஆகவே தேடுவதைப் போனில் தேடுங்கள்.

இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர உதவி நிறுவனத்தின் இலக்கம் 101. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சின்னக் கடைக்கெல்லாம் பதில் சொல்வார்களா என்று கூச்சப்படாதீர்கள். 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் இன்னொருவர் கொம்பியூட்டருக்குள் நுழைவதே குற்றம், கடை சின்னதா பெரியதா என்று சட்டம் பார்க்கவில்லை. கள்ளன் வெளிநாட்டில் இருப்பான், பிடிபடுவது கஷ்டம், அது வேறு. முறையிட்ட பதிவு கையில் இருந்தால், “என்ட டொக்கியுமென்ட் எங்க போனது” என்று நாளைக்கு ஒருவர் கேட்கும்போது கடைக்காரருக்கு ஒரு பதில் இருக்கும்.

பெக்கப் டிஸ்க்கைச் செருகியே வைத்ததற்காக அக்காவைக் குறை சொல்கிறவர்கள் 2023ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஓகஸ்ட் மாதம் எங்கள் அரசாங்கத்தின் கிளவுட்டையே இப்படி ஒரு வைரஸ் பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் சேவையைத் திரும்ப ஓடவிட்டார்கள், ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், ஒன்லைனில் இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டுவிட்டது, கழற்றி வைத்த பெக்கப் அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த வருஷம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதிதாக மாற்றுவதற்கு 2021 முதலே யோசனை இருந்தது, காசுப் பிரச்சினையாலும் முடிவெடுக்கத் தாமதித்ததாலும் நடக்கவில்லை. ஈச்சிலம்பற்றில் நடந்ததும் கொழும்பில் நடந்ததும் ஒரே தவறு, கட்டடத்தின் உயரம்தான் வித்தியாசம்.

பெக்கப் என்பது எங்கள் சனத்துக்குப் புதுப் பாடம் இல்லை என்று நினைக்கிறேன். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்க்கு ஓடியபோது என் உம்மா கையில் எடுத்தது ஒரு பொலித்தீன் பேக். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் அதற்குள். அதே காலத்தில் ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் போனது. இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் அப்படி ஒரு பேக் கதை இருக்கும். எடுத்தவர்கள் கதையும் இருக்கும், எடுக்க முடியாமல் போனவர்கள் பிறகு பதிவாளர் கந்தோருக்கும் கச்சேரிக்கும் அலைந்த கதையும் இருக்கும். சுனாமியிலும் இதேதான். இன்றைக்கும் மார்கழி மழைக்கு மகாவலி பெருகி வெருகல் ஆற்றால் தண்ணீர் ஏறும் என்றால் அந்த பேக்கைத்தான் முதலில் உயரத்தில் வைக்கிறோம். (இலங்கை சேர்ட் தொடங்கியதும் அதே 2006இல்தான். அப்போது எங்களுக்குக் கொம்பியூட்டர் வைரஸைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்.)

சுவரோடு ஒட்டியே வைத்த பேக் உதவாது. தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக, வேறாக இருக்க வேண்டும். செருகியே இருந்த அந்த ஹாட் டிஸ்க்கின் பிரச்சினையை அக்காவுக்கு இப்படித்தான் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்.

பெரிய கம்பனி ஒன்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன், மின்வெட்டில் வாழப் பழகிய எங்களுக்குப் பிடிக்கும். 2017 ஜூன் 27ஆம் திகதி நொட்பெட்யா என்ற வைரஸ் உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பனிகளில் ஒன்றான மேர்ஸ்கை விழுத்தியது. அது நுழைந்த வழி உக்ரேனில் வரிக் கணக்குக்காகக் கடைகளும் கம்பனிகளும் பாவித்த ஒரு கணக்குச் செயலி. அதைச் செய்தது ஒரு குடும்ப நிறுவனம். சின்ன நிறுவனத்தை யார் பார்க்கப் போகிறான் என்பவர்களுக்கு இது பதில், பெரிய வீட்டுக்குள் போக அதுதான் பின்கதவு. மேர்ஸ்கின் துறைமுக முனையங்கள் நின்றன, மும்பைக்குப் பக்கத்து நாவா சேவாவில்கூட வேலை தடைப்பட்டது. ஏறத்தாழ 45,000 கொம்பியூட்டர்களையும் 4,000 சேர்வர்களையும் திரும்ப நிறுவினார்கள். கம்பனியின் முழு வலையமைப்பின் அடிப்படை விபரம் உலகெங்கும் பல சேர்வர்களில் ஒன்றைப் பார்த்து மற்றொன்று கொப்பி எடுத்தபடி இருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கொப்பி எடுப்பதால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. ஏன்? தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த ஒரு மின்வெட்டால்தான் அவர்களால் எழும்ப முடிந்தது. கரண்ட் போவதால் ஒரு நன்மை நடந்ததாக நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

இப்போது அக்காவின் கடையில் என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன். செலவு மிகக் குறைவு.

இரண்டு பென் டிரைவ் வாங்கினோம், ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. வினாத்தாள், விண்ணப்பம், கடன் கணக்கு எல்லாம் சேர்த்தாலும் ஒரு பென்னின் கால்வாசிதான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கறுப்பு, அடுத்த வெள்ளி சிவப்பு. கொப்பி எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த ஆவண பேக்குக்குள்ளேயே போடுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகுவதில்லை. மாதத்தில் ஒரு நாள் மகள் அந்தப் பென்னை என் லப்டொப்பில் செருகி நாலு கோப்பைத் திறந்து பார்க்கிறாள். திறந்து பார்க்காத பெக்கப்பை நம்புவது, எரிகிறதா என்று பார்க்காமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு இரவில் வயலுக்குப் போவது மாதிரி.

முக்கியமான ஃபோல்டரைக் கிழமைக்கு ஒருமுறை கூகிள் டிரைவிலும் ஏற்றுகிறார். 15 ஜீபி இலவசம். தானாக இணைந்தே இருக்கிற மாதிரி வைக்கவில்லை, பிரவுசர் வழியாகக் கையால் ஏற்றுவதுதான். தானாக இணைந்திருந்தால் பூட்டுப்பட்ட கோப்பையும் விசுவாசமாக ஏற்றிவிடும்.

காசு கொடுத்து அன்டிவைரஸ் வாங்கவில்லை. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும், அதை எவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்று மானிட்டரில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. வேலைக்கு நிற்கிற தம்பிக்குத் தனிக் கணக்கு, அதில் புதிதாக எதையும் நிறுவ முடியாது, நிறுவ வேண்டுமென்றால் அக்காவின் பாஸ்வேர்ட் கேட்கும். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் காட்டும்படி வைத்திருக்கிறோம். பிடிஎஃப் என்று தெரிவது உண்மையில் டொட் ஈஎக்ஸ்ஈ என்று முடிந்தால் அது கடிதமில்லை.

போட்டோ வேலைக்கு கிம்ப் போட்டோம். சின்ன வேலைக்கு ஃபோட்டோபியா என்ற தளம், பிரவுசரிலேயே ஓடும், ஃபோட்டோஷொப் மாதிரியேதான் இருக்கும். தம்பி முதல் கிழமை முகத்தை நீட்டினார், இப்போது கேட்பதில்லை. டைப்பிங்குக்கு லிப்ரே ஒஃபிஸ், பாமினி எழுத்தும் அதில் வேலை செய்கிறது. மூன்றும் இலவசம், மூன்றும் நேர்மையானவை.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்தான் பெரிய தலையிடி. ஆசிரியர்களாகிய நாங்கள்தான் இதில் முன்னணி, எங்கள் பென் போகாத பாடசாலை இல்லை, வாங்காத வைரஸ் இல்லை. அதற்கு ஒரு பழைய லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு மேசையின் மறுபக்கம் வைத்தோம். ஊர்ப் பென் எல்லாம் அதில்தான் செருகப்படும். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அதில் ஓடாது. அங்கேயே திறந்து, பிடிஎஃப் ஆக்கி, அங்கிருந்தே பிரிண்ட். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்றுக்கொள்ளாத பழைய மெஷின்களைத் தூக்கிப் போட யோசிப்பவர்கள் இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊர் ஆட்களின் பாஸ்வேர்ட் எதையும் இப்போது பிரவுசரில் சேமிப்பதில்லை. விண்ணப்பம் முடிந்து காசு வாங்கியதும், உங்கள் அடையாள அட்டைக் கொப்பியை அழிக்கவா வைத்திருக்கவா என்று அக்கா கேட்பார். அப்படிக் கேட்கும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காத கடையில் நீங்களே கேளுங்கள்.

கொம்பியூட்டர் இல்லாத கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தயிர், மீன், பலசரக்கு என்று எல்லோருக்கும் இப்போது போன்தான் கடை. இந்தியாவில் வட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று வந்ததைத் தொட்டவர்களின் போனில் வைரஸ் புகுந்ததாக 2024இல் அங்குள்ள பொலிஸாரே எச்சரித்தார்கள். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், ஏபிகே என்று முடிந்தால் அது கல்யாணம் இல்லை, தெரிந்த நம்பரிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். வட்ஸ்அப்புக்கு இரண்டாம் பூட்டாக ஒரு ஆறு இலக்கப் பின் வைக்கலாம், செட்டிங்ஸில் இருக்கிறது. மெசேஜில் வரும் ஓடிபி இலக்கத்தை மச்சான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பது மச்சானாக இருக்காது.

வருகிற போயா விடுமுறையில் காலை ஒன்பது மணி முதல் பகல் வரை அதே கடையில் இருப்பேன். சாதாரண தரத் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேரும் வருகிறார்கள். உங்கள் லப்டொப்பைக் கொண்டுவந்தால் மேலே சொன்ன அமைப்புகளைச் செய்து தருவார்கள், கட்டணம் இல்லை. பழைய லப்டொப் சும்மா கிடந்தால் லினக்ஸும் போட்டுத் தரலாம். கூடவே வெறும் பென் ஒன்று கொண்டுவாருங்கள். ஏற்கெனவே யாராவது வைரஸில் மாட்டியிருந்தால் மெஷினை ஃபோமட் பண்ணாமல், இன்டர்நெட்டைக் கழற்றி, ரீட்மீ கோப்பைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். இலக்கம் டி1 என்று முடிகிறதா என்று முதலில் பார்ப்போம்.